பெயரும் லொட்ஜும் கேட்ட படிவம்

சின்னக் கடைகளுக்கு டேட்டாபேஸ் எழுதிக் கொடுக்கிறவனுக்கு ஒரு விதி உண்டு: அது ஒழுங்காக ஓடினால் கடைக்காரர் கெட்டிக்காரர், ஓடாவிட்டால் எழுதியவனுக்குப் படிப்புப் போதாது. இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். அடிபடாத பாக்கியசாலிகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு படிவத்தில் பெயரைப் போட்டு பட்டனை அழுத்தினால், இன்னொரு படிவம் அந்தப் பெயருக்குரிய பதிவுகளோடு மட்டும் திறக்க வேண்டும். மற்றவையெல்லாம் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வரி வேலை. அந்த இரண்டு வரியை எழுதத் தெரிந்த நாளில் நான் பெரிய என்ஜினியர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த நடை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

அண்ணையின் மண்டையும் கொப்பியும்

போர் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் யோகன் அண்ணை கொமியூனிகேஷன் வைத்திருந்தார். இரண்டு தொலைபேசி, நின்று பேச ஒரு கண்ணாடிக் கூண்டு, காத்திருந்து உட்கார ஒரு வாங்கு. வடக்கிலிருந்து வந்து சுற்றியுள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்கு அந்தக் கடைதான் உலகத்தோடு இருந்த தொடர்பு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை கடைக்குப் போன் எடுத்து, இன்ன லொட்ஜில் இருக்கும் அம்மாவிடம் இன்னது சொல்லுங்கள் என்பான். அண்ணை அதைக் கொப்பியில் எழுதிவைப்பார். அம்மா வந்து கேட்டால் வாசித்துக் காட்டுவார்.

உண்மையில் அவருக்குக் கொப்பியே தேவைப்பட்டதில்லை. ஆள் படியேறும்போதே, "உங்கட மூத்தவன் நேற்று எடுத்தவன், குளிசை போடுறியளோ எண்டு கேட்டவன்" என்று தொடங்கிவிடுவார். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் சுவிஸ், யார் கனடா, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஆனால் பக்கத்துக் கடையில் கொம்பியூட்டர் வந்துவிட்டதால் அவருக்கும் ஒன்று வேண்டும் என்றாகிவிட்டது. பம்பலப்பிட்டியில் கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார். ஒரு மாதம் பின்னேரங்களில் இருந்து எழுதினேன். முதல் படிவத்தில் பெயர், பட்டனைத் தட்டினால் அந்தப் பெயருக்கு வந்த தகவல்கள். முதல்முறை தட்டிப் பார்த்த அண்ணை, சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் கொடுத்தவர் போல நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தார்.

"அப்பாடா, இனி என்ர மண்டைக்கு ஓய்வு, தம்பி."

சம்மதம் கிடைத்த சிவகுமார்

காலையிலிருந்து மூன்று மணி வரை யோகன் அண்ணை இருப்பார். அதன் பிறகு பிலோமினா. அவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, என் பக்கத்துத் தெரு, தட்டச்சில் என்னைவிட வேகம். இரண்டாவது கிழமையே அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணே, ஓடி வாங்க, சிவகுமாருக்கு சிவகுமார்ட தகவலக் குடுத்திட்டேன்."

வெள்ளவத்தையில் அந்த வருடம் லொட்ஜுக்கு ஒரு சிவகுமாராவது இருந்திருப்பார். டென்மார்க்கிலிருந்து ஒரு அக்கா எடுத்து, பெண் வீட்டாருக்குப் பூரண சம்மதம், பெண்ணும் போட்டோவைப் பார்த்துச் சிரித்தவள் என்று தம்பி சிவகுமாருக்குச் சொல்லியிருந்தார். அது வேறொரு சிவகுமாரிடம் போய்விட்டது. அவருக்கு டென்மார்க்கில் அக்காவும் இல்லை, எங்கேயும் பெண்ணும் பார்க்கவில்லை. ஆனாலும் யாரோ உறவினர் தனக்குத் தெரியாமல் பார்த்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, தலைமயிர் வெட்டி, புது ஷேர்ட்டும் வாங்கிவிட்டார்.

அன்றைக்கே படிவத்தில் இரண்டாவது கட்டம் போட்டேன்: லொட்ஜ். பெயரும் லொட்ஜும் இரண்டும் பொருந்தினால்தான் தகவல் தெரியும். லொட்ஜ் கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்தப் பெயரில் உள்ள எல்லாமே வரும்படி வைத்தேன், அது எனது வசதிக்கு. பிலோமினாவிடம் மட்டும், செத்தாலும் வெறுமையாக விடாதே என்று சத்தியம் வாங்கினேன். பிறகு புது ஷேர்ட்டோடு வாங்கில் இருந்த சிவகுமாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

"பரவாயில்லை தம்பி, ரெண்டு நாள் சந்தோசமா இருந்தனான்."

இன்று என்ற சொல்

அன்னலட்சுமி அம்மா முதன்முதல் எங்கள் கொம்பியூட்டரில் பதிந்தவர்களில் ஒருவர். கிளிநொச்சிப் பக்கம். ஒரே மகன் ரவி, ஏஜன்ட் மூலம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு ரஷ்யா வரை போனது தெரியும். அதற்குப் பிறகு சத்தமில்லை. கணவர் ஊரில் படுக்கையில். வவுனியா தாண்டினால் அந்த நாளில் தொலைபேசி கிடையாது. ஆகவே மகனின் குரலைக் கேட்டுவிட்டு, அல்லது அவன் உயிரோடிருக்கிறான் என்ற ஒரு சொல்லையாவது வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புவது என்று வந்திருந்தார். கொழும்பில் தங்க அவருக்குக் கிடைத்திருந்த அனுமதி கொஞ்ச நாளுக்குத்தான். கடை நம்பரையும் லொட்ஜ் பெயரையும் ஏஜன்ட் மூலம் மகனுக்கு அனுப்பியிருந்தார். அவன் பின்னேரத்தில்தான் எடுப்பான் என்று ஏஜன்ட் சொல்லியிருந்ததால், தினமும் நான்கு மணிக்கு வந்து வாங்கின் மூலையில் இருப்பார்.

பிலோமினா பெயரையும் லொட்ஜையும் போட்டுத் தட்டுவாள். பதிவு எதுவும் இல்லாவிட்டால் இரண்டாவது படிவம் வெள்ளையாகத் திறக்கும். அந்த வெள்ளையைப் பார்த்து அவளே பயந்தாள், அம்மாவைச் சொல்ல வேண்டியதில்லை. நான் கெட்டித்தனமாக, "தகவல் இல்லை" என்று ஒரு சின்னப் பெட்டி வரவைத்தேன். பிலோமினா அதை வாசித்துக் காட்ட, அம்மா எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி ஒன்று கேட்டார், அந்தக் கேள்விக்காக அன்றைக்கே "இன்று தகவல் இல்லை" என்று திருத்தினேன்.

"இண்டைக்கு இல்லையோ, இனி இல்லையோ, தம்பி?"

நானூறு வருடப் பெயர்

இது கொஞ்சம் சிரிக்க. கொச்சிக்கடையைச் சேர்ந்த, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஒரு ஐயா, இத்தாலியிலிருக்கும் மகளின் தகவலுக்காக வருவார். அவருடைய குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்துக்குப் பிறகு மேலே ஒரு சின்னக் கோடு வரும், எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உள்ளதுதான். நமக்கு அது பெயரின் அழகு. கொம்பியூட்டருக்கு அது, பெயர் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆகவே அவர் பெயரைப் போட்டுத் தட்டினால் பதிவுகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி பாதியில் அறுந்து, சிவப்புக் குறியோடு ஒரு ஆங்கில வசவு வரும்.

மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் பதியலாமா என்று ஐயாவிடம் கேட்டதுதான் நான் செய்த பெரிய பிழை. குடையைக் கவுண்டரில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போர்த்துக்கேயன் தந்த பேரு தம்பி, நானூறு வருசமா ஒருத்தனும் எரர் சொல்லல்ல."

கேள்வி கேட்ட பெட்டி

ஒரு நாள் நானும் கடையில் இருந்தபோது காக்கி உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எந்த லொட்ஜில் யார் யார் என்ற பட்டியல் இந்தக் கொம்பியூட்டரில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், காட்டு என்றார்கள். பிலோமினா பதற்றத்தில் முதல் படிவத்தை மூடிவிட்டாள். இருவரில் பெரியவர் தானே உட்கார்ந்து இரண்டாவது படிவத்தைத் திறந்தார். அந்தப் படிவமோ முதல் படிவத்தில் உள்ள பெயரையும் லொட்ஜையும் எதிர்பார்த்து நிற்பது. முதல் படிவம் இல்லாததால், அவரிடமே ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டது: பெயர் என்ன?

அவர் தன்னுடைய பெயரைப் போட்டார். உடனே அடுத்த பெட்டி: லொட்ஜ் எது? அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்டேஷன் பெயரைப் போட்டார். இன்று தகவல் இல்லை என்றது. மறுபடி திறந்தார், மறுபடி பெயர் கேட்டது. இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டுத் தட்டியிருந்தால் வடிகட்டாமல் எல்லாப் பெயரும் வந்திருக்கும், நல்லவேளை அவர் கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் விடுகிற மனிதர் இல்லை, ஒவ்வொரு முறையும் எதையாவது போட்டார். வீதிச் சோதனையில் எங்களை அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு இயந்திரம் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் லொட்ஜ் வாரியாக ஆட்களைப் பிரித்துக் காட்டும் ஒன்றை நான் எழுதிவைத்திருக்கிறேன், அது யார் கைக்குப் போகும் என்று யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அவர் களைத்துப்போய், கொப்பி ஒன்றுகூட இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"மல்லி, மேக்கே பொத்தக் நெத்த?"

பிலோமினா தானே செய்த வேலை

அவர்கள் போய்விட்டார்கள், ஆனால் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. அடுத்த கிழமை அன்னலட்சுமி அம்மா இருந்த லொட்ஜின் முதலாளி, தனக்குப் பிரச்சினை வேண்டாம் என்று வடக்கு ஆட்களை அறையைக் காலி செய்யச் சொன்னார். அம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்கு மாறினார். எங்கள் கடையை மட்டும் விடவில்லை. மகனிடம் இருப்பது இந்தக் கடையின் நம்பர்தானே. புறக்கோட்டையில் பஸ் மாறி, இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டி, நான்கு மணிக்குத் தவறாமல் வாங்கின் மூலைக்கு வந்துவிடுவார். காலையில் கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதாகவும் சொன்னார். "நாங்கள் சைவம்தான், ஆனால் அந்தோனியார் துலைஞ்சதைத் தேடித் தாறவராமே" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

பிலோமினாவும் அவரும் இப்போது ஒரே ஊர்க்காரர் ஆகிவிட்டதால் கடை சாத்தியதும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். அம்மா இடம் மாறிய அன்றே அவள் பதிவைத் திருத்திவிட்டாள். பழைய லொட்ஜை அழித்துப் புதியதைப் போட்டு, ஒருமுறை மூடித் திறந்தும் பார்த்திருக்கிறாள். எனக்கு அவளைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது.

"புது லொட்ஜ் பேர நானே மாத்திட்டேன் அண்ணே, உங்களக் கூப்பிடவே இல்ல பாருங்க."

எந்த லொட்ஜும் இல்லாதவர்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மா பையோடு வந்தார். அனுமதி முடிகிறது, விடிய வவுனியா ரயில். அன்றும் பிலோமினா தட்டிப் பார்த்தாள். இன்று தகவல் இல்லை. அம்மா அழவில்லை. மகன் எப்போதாவது எடுத்தால் சொல்ல ஒரு தகவல் விட்டுப்போக வேண்டும் என்றார். அம்மா தினமும் வந்து பார்த்தவ, அப்பாவுக்குச் சுகமில்லாததால் போயிட்டா, அவ்வளவுதான். அதை என்னையே அடிக்கச் சொன்னார்.

நான் உட்கார்ந்து பெயரைப் போட்டேன். பழக்க தோஷத்தில், "லொட்ஜ் அம்மா?" என்று கேட்டேன். "இனி எனக்கு எந்த லொட்ஜ், தம்பி? அதைச் சும்மா விடுங்கோ" என்றார். விட்டேன். தட்டினேன்.

நான்கு பதிவுகள் திறந்தன.

நான்கும் ரவி. நான்கும் யோகன் அண்ணை மத்தியானத்துக்கு முன்னே எழுதியவை. மகனுக்குத் தெரிந்தது பழைய லொட்ஜ், அதைத்தான் சொல்லியிருக்கிறான், அண்ணை அதைத்தான் போட்டிருக்கிறார். பின்னேரத்தில் பிலோமினா புதிய லொட்ஜைப் போட்டுத் தேடியிருக்கிறாள். நான் எழுதிய இரண்டு வரி, இரண்டும் பொருந்தவில்லை என்று, அம்மா இடம் மாறியதிலிருந்து பத்தொன்பது நாள் ஒரு தாயிடம் இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறது. முதலாவது, ரஷ்யாவில் சுகமாக இருக்கிறேன். இரண்டாவது, நடக்கிறோம், கால் மட்டும் நோகிறது. மூன்றாவது, எல்லையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், அடிக்கவில்லை, அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்காவது மூன்று நாளுக்கு முந்தியது: ஜெர்மனிக்கு வந்துவிட்டேன், நண்பன் வீட்டு நம்பர் இது, இங்கே மத்தியானத்துக்குப் பிறகு எந்த நாளும் இருப்பேன்.

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். "கொப்பியா இருந்திருந்தா பக்கத்தப் பொரட்டயில கண்ணில பட்டிருக்குமே அண்ணே" என்றாள். கொப்பியும் வேண்டாம், பழைய யோகன் அண்ணையின் மண்டை ஒன்றே போதும், முதல் நாளே அம்மாவைத் தேடி ஆளனுப்பியிருக்கும். அந்த மண்டைக்கு ஓய்வு கொடுத்தவன் நான்தான்.

நான்தான் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். மூன்றாவது முறை மணி போனது, அம்மாவைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் கேட்காது. அம்மா ஒரு கையால் ரிசீவரையும் மறுகையால் அதன் வயரையும் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. முதலில் நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து தன் காலைக் காட்டி ஏதோ கேட்டார், அது மகன் கண்ணுக்குத் தெரியும் என்பது போல. நானும் பிலோமினாவும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம். அழுதோம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளியே வந்து சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு தகவலும் முந்தியே வந்தவை, பிழை என்னுடையது, அண்ணையுடையதும் இல்லை, பிலோமினாவுடையதும் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போல என் கையைப் பிடித்தார்.

"நீங்கள் என்ன செய்வியள் தம்பி, நான்தானே இடம் மாறினது."

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவங்கள் எழுதி, வாடிக்கையாளர் கேட்ட கட்டத்தையெல்லாம் மறுபேச்சில்லாமல் கட்டாயமாக்கிக் கொடுத்திருக்கிறேன், இருக்கும் இடம் எது என்று கேட்கும் கட்டத்தை மட்டும் இன்றுவரை ஒருவனுக்கும் கட்டாயமாக்கிக் கொடுத்ததில்லை.